தேர் நிலைக்கு வரும்வரை

கனசாவா
1983 ஜூலை 5

அண்ணா,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக அப்பாவின் நகங்களை வெட்டினேன். அடுப்பைக்கூடப் பற்றவைக்கவில்லை. வலது கை விரல்கள் உள்பக்கமாக மடங்கி இறுகிவிட்டன. ஒவ்வொன்றாகப் பிரித்து, வெந்நீரில் நனைத்த துணியால் ஒற்றி, பிறகுதான் வெட்ட முடிந்தது. இரவில் நகம் வெட்டுகிறவர்களுக்குப் பெற்றவர்களின் கடைசி மூச்சின்போது பக்கத்தில் இருக்கக் கொடுத்துவைக்காது என்று அம்மா சொல்வாள். நீ எப்போதும் கடையைப் பூட்டிய பிறகுதான் வெட்டுவாய். ஏனோ அது நினைவுக்கு வந்தது. வந்ததை எழுதிவிட்டேன், குத்திக்காட்ட அல்ல.

ஞாயிற்றுக்கிழமை போனில் நான் சொன்னது உன் காதில் விழுந்ததா? அப்பாவுக்கு மூச்சுத் திணறுகிறது என்றேன். "ஆமா, இங்கயும் நல்ல வெயில்தான். எல்லாரும் சௌக்கியம்" என்றாய். ரிசீவரை ஒருமுறை திருப்பிப் பார்த்தேன். என் கணவர், "யாரு, ராங் நம்பரா?" என்று கேட்டார்.

போன மாதம் வந்த இரண்டாவது பக்கவாதத்துக்குப் பிறகு அவரால் சரியாக விழுங்க முடியவில்லை. டாக்டர் நேற்று இரண்டு வழி சொன்னார். ஆஸ்பத்திரியில் சேர்த்துத் தொண்டையில் குழாய் இறக்கி இயந்திரத்தில் மூச்சு விடவைத்தால் சில வாரங்கள் இழுக்கலாம். வீட்டிலேயே இருந்தால் எப்போது என்று சொல்வதற்கில்லை. நீ மூத்தவன். உன் மனதில் இருப்பதைச் சொல். இந்த முறை வெயிலைப் பற்றி அல்ல.

மிசாவோ


தொபியுரா
ஜூலை 7

மிசாவோ,

இனிமேல் போன் செய்யாதே. போன் முன்கூடத்தில் இருக்கிறது. முறைப்படி ஒன்றாம் தேதி தேர்ச் சாமி நம் வீட்டில் தங்க வந்ததிலிருந்து முன்கூடம் என்னுடையது இல்லை, கருமார் தெருவுடையது. காலையிலிருந்து யாராவது நான்கு பேர் உட்கார்ந்து குடித்துக்கொண்டும் வடத்தை முறுக்கிக்கொண்டும் இருக்கிறார்கள். அவர்களில் கொந்தா போனுக்குப் பக்கத்திலேயே இடம் பிடித்து வைத்திருக்கிறான். நான் ரிசீவரை வைப்பதற்குள், "யாரு, தங்கச்சியா? பெரியவர் எப்படி இருக்காராம்?" என்கிறான். "நல்லா இருக்கார். பீச் பழம் வேணும்னு அடம் பிடிக்கிறாராம்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிக்க வேண்டியிருந்தது.

நகரத்தில் இத்தனை காலம் இருந்து நீ மறந்திருக்கலாம் என்பதால் சொல்கிறேன். சாமி தங்கும் வீட்டில் சாவு விழுந்தால் அந்த வருடம் தேர் கொட்டகையை விட்டு வெளியே வராது. பெற்ற தகப்பன் என்றால் எந்த ஊரில் செத்தாலும் தீட்டுதான். தீட்டு சுவரில் ஒட்டுவது இல்லை, ரத்தத்தில் ஒட்டுவது. அப்பாவின் முறை வந்த வருடம் தேருக்கு முதல் நாள் தாத்தா போனார். அப்பா தானே வாசலில் நின்று எல்லோருக்கும் சொன்னார். யாரும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ஆனால் இன்றைக்கும் அந்த வருடத்துக்கு அப்பாவின் பெயர்தான்: "கிஹேய் வருஷம்". போன மாதம் கொந்தா நம் வீட்டைப் பற்றி என் காதுபடவே சொன்னான்: "உசுய் வீட்டு முறை வந்தா கொட்டகைப் பூட்டுக்கு எண்ணெய் போடற செலவு மிச்சம்."

நான் தினமும் விடியும்போது பச்சைத்தண்ணீரில் குளிக்கிறேன். உன் அண்ணி எனக்குத் தனி அடுப்பில் சமைக்கிறாள். இந்த முறை விட்டால் என் ஆயுளில் இன்னொரு முறை வராது.

அதனால் கேட்கிறேன். குழாயைப் போடச் சொல். தேர் இருபதாம் தேதி. தேர் நிலைக்கு வரும்வரை போதும். அதற்குள் ஏதாவது ஆகிவிட்டால் எனக்குச் சொல்லாதே. தேர் கொட்டகைக்குள் போன பிறகு சொல்.

ஷூஜி


கனசாவா
ஜூலை 9

அண்ணா,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். ஒவ்வொரு முறையும், கோபம் வராத ஒரு வரியாவது இருக்கும் என்று தேடினேன்.

குழாய் போட மாட்டேன். இது நான் எடுத்த முடிவு இல்லை. வசந்த காலத்தில் பேச்சு நன்றாக இருந்தபோது, பக்கத்து வீட்டுக்காரரை ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வந்து அப்பாவே சொன்னார்: "அந்தாளு செத்து ஒரு மாசம் ஆச்சு, மிஷினுக்குத்தான் தெரியல. என்னை அப்படிக் கட்டிப் போட்டுடாத." டாக்டரிடம் அதைச் சொல்லிவிட்டேன்.

இரண்டாவது காரியம் அதைவிட மோசம். ஏதாவது ஆகிவிட்டால் உனக்குச் சொல்லக் கூடாது என்கிறாய். அப்படியென்றால் இந்த ஜூலை வெயிலில், ஜன்னலைச் சாத்திக்கொண்டு, அப்பாவை அப்பாவென்று சொல்லாமல் நான் உட்கார்ந்திருக்க வேண்டும். நீ அங்கே சுத்தமான வெள்ளை உடையில் சைகை விசிறியைப் பிடித்துத் தேருக்கு முன்னால் நடப்பாய். உன் சுத்தத்துக்கு வேண்டிய பொய்யை நான் சொல்ல வேண்டும். தனி அடுப்பு உனக்கு, புகை எனக்கு.

கிஹேய் வருடத்தை நீ அவமானமாக நினைக்கிறாய். நானும் அப்போது ஊரில்தான் இருந்தேன். வீட்டு முகப்பில் மூங்கில் தட்டியை இறக்கிவிட்டு, மற்றத் தெருக்களின் தேர்கள் போவதை உள்ளே நின்று இடுக்கு வழியாகப் பார்த்தோம். அப்பா அழுவார் என்று பயந்தேன். அவர் நம் தெருக் கொட்டகை இருக்கும் பக்கம் முகத்தைத் திருப்பி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்ட மனிதரின் முகம் அது. எனக்கு அது அவமானமாகத் தெரியவில்லை.

நீ புத்தாண்டுக்குப் பிறகு அவரைப் பார்க்க வரவே இல்லை. இப்போது அவர் இன்னும் பத்து நாள் இருக்க வேண்டும் என்கிறாய். யாருக்காக?

மிசாவோ


தொபியுரா
ஜூலை 13

மிசாவோ,

உன் கடிதத்துக்கு அன்றே பதில் எழுதியிருந்தால் நாம் இந்த ஜென்மத்தில் மறுபடி பேசியிருக்க மாட்டோம். நல்லவேளை, மறுநாள் சக்கரம் மாட்டும் நாள். எழுத நேரமில்லை.

ஷிங்கிச்சியை உனக்கு நினைவிருக்கும். பள்ளியில் உனக்கு ஒரு வகுப்பு மேலே, காது பெரிதாக இருக்கும். இப்போது அவன்தான் முன்சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறவன். சக்கரத்துக்கு மசகு பூசிக்கொண்டிருந்தபோது, நிமிர்ந்து பார்க்காமலே கேட்டான்.

"ஷூஜி, ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காத. உன் வீடு சுத்தமாத்தானே இருக்கு?"

"இருக்கு."

"பெரியவர்?"

"அதான் பீச் பழம் கேட்டார்னு சொன்னேனே."

"சரி, அது போதும். நீ விசிறிய இறக்கினா நான் சக்கரத்துக்குக் கீழ கைய விடணும். உன் வார்த்தைய நம்பித்தானே விடறேன்."

அவன் கைகளை நீ பார்க்க வேண்டும். ஒரு கையில் சுண்டுவிரல் பாதிதான். அது போனது வேறொரு வருடம், வேறொரு வீட்டு முறை. அந்த வீட்டில் ஒரு சாவை மறைத்ததால்தான் என்று இன்றுவரை ஊரில் பேச்சு. உண்மையோ பொய்யோ தெரியாது. ஆனால் அவன் அதை நம்புகிறான். நம்பிக்கொண்டே வருடா வருடம் கையை விடுகிறான்.

எல்லோரும் சாப்பிடப் போனதும் அவனைத் தனியாகக் கூப்பிட்டு உள்ளதைச் சொன்னேன். பீச் பழம் இல்லை, படுத்த படுக்கை, மூச்சுத் திணறுகிறது என்று. அவன் கோபப்படுவான் என்று நினைத்தேன். தலையைச் சொறிந்துகொண்டு, "உசுரோட இருக்காருல்ல? அப்ப சுத்தம்தான். போயிட்டா சொல்லிடு" என்றான். சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

ஆகவே குழாயைப் பற்றி எழுதியதை மறந்துவிடு. சொல்லாதே என்றதையும் மறந்துவிடு. இப்போது நேர்மாறாகக் கேட்கிறேன். ஏதாவது ஆகிவிட்டால் உடனே எனக்குத் தெரிய வேண்டும். போன் வேண்டாம். தந்தியும் வேண்டாம், அதைக் கொந்தா பிரித்துவிடுவான். தெருவுக்கு நான்தான் முதலில் சொல்ல வேண்டும், அப்பா சொன்னதுபோல. நீயே கிளம்பி வா. வீட்டுக்குக்கூட வர வேண்டாம். அப்பாவை விட்டுவிட்டு நீ ஊருக்கு வரமாட்டாய் என்பது எனக்குத் தெரியும். தெருவில் உன் முகத்தைப் பார்த்தால் போதும், விசிறியை மடக்கி வைத்துவிடுவேன். தேர் எந்த இடத்தில் இருந்தாலும் சரி.

புத்தாண்டுக்குப் பிறகு நான் ஏன் வரவில்லை என்று கேட்டாய். அன்று அப்பா என்னை அடையாளம் தெரியாமல், "கடைக்காரரே, உக்காருங்க" என்றார். உனக்குத் தெரியாது, நீ சமையலறையில் இருந்தாய்.

ஷூஜி


கனசாவா
ஜூலை 16

அண்ணா,

அது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்த வரியை எழுதியிருக்க மாட்டேன்.

உன் கடிதத்தை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன், கடைசிப் பத்தியைத் தவிர. ஷிங்கிச்சியின் பெயர் வந்ததும் கண்ணைத் திறந்தார். இடது கையை மெதுவாகத் தூக்கி விசிறியை இறக்குவதுபோல இறக்கினார். பிறகு வெகுநேரம் வாயை அசைத்து அசைத்து ஏதோ சொல்ல முயன்றார். "மூலை" என்பது மட்டும் புரிந்தது. தேர் திரும்பும் ஸ்டேஷன் மூலையா என்றேன். ஆமாம் என்று கண்ணை மூடித் திறந்தார். மறுபடி முயன்றார். காதை அவர் வாயருகே வைத்துக் கேட்டேன்.

"சக்கரத்த மட்டும்... பாக்கச் சொல்லு. வேற எதையும் பாக்காத."

யாருக்குச் சொல்ல, ஷூஜிக்கா என்று கேட்டேன். "வேற யாருக்கு?" என்று முறைத்தார். கடைக்காரருக்கு இல்லை, அண்ணா. உனக்கு.

நீ கேட்டதற்குச் சம்மதிக்கிறேன். அப்படி ஆனால் வருகிறேன். வந்து உன் கண்ணில் படுகிறேன். இந்த ஒப்பந்தம் எனக்குப் பிடிக்கவில்லை. என் முகமே ஒரு சாவுச் செய்தியாவதை எந்தப் பெண்ணும் விரும்பமாட்டாள். ஆனால் பொய்யைவிட இது மேல்.

இன்று அவர் மூன்று கரண்டி கஞ்சி விழுங்கினார். நேற்றைவிட ஒன்று அதிகம். எனக்கு நம்பிக்கை வருகிறது. வரக் கூடாது என்றும் தோன்றுகிறது.

மிசாவோ


தொபியுரா
ஜூலை 18
(அஞ்சலட்டை)

மிசாவோ,

நல்ல வெயில். எல்லோரும் சௌக்கியம். தேர் காலையில் கிளம்பும், நடுப்பகலில் ஸ்டேஷன் மூலையில் திரும்பும், சாயங்காலத்துக்குள் நிலைக்கு வந்துவிடும். மூலையில் இருக்கும் முடிவெட்டும் கடையில் இந்த வருடம் தட்டி இறங்கியிருக்கிறது. தோமே அக்காவின் கணவர் வசந்தத்தில் போய்விட்டார். அதனால் அங்கே நின்று வாழ்த்துப் பாட மாட்டோம். அப்பாவிடம் சொல், மூலையில் சக்கரத்தை மட்டும் பார்ப்பேன். மற்ற இடங்களில் எல்லாம் தெருவைப் பார்த்துக்கொண்டே வருவேன்.

ஷூஜி


தொபியுரா
ஜூலை 20

அண்ணா,

தோமே அக்கா கடையின் சுழல் நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறேன். தாள் அவளுடையது. முழங்காலில் வைத்து எழுதுவதால் எழுத்து கோணுகிறது.

அப்பா இன்று விடியற்காலையில் போய்விட்டார். சிரமப்படவில்லை. வெளிச்சம் வரும் நேரத்தில் மூச்சு ஒவ்வொன்றாக இடைவெளி விட்டு வந்தது. அடுத்தது வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. கையைப் பிடித்திருந்தேன். வெட்டிய நகம் மறுபடி கொஞ்சம் வளர்ந்திருந்தது.

அவரோடு என் கணவர் இருக்கிறார். "போயிட்டு வா, வாக்குக் குடுத்திருக்க" என்றார். கறுப்பு உடுத்தவில்லை. முதல் ரயிலைப் பிடித்தேன், அது வழியில் வெகுநேரம் நின்றுவிட்டது. நேரே நம் வீட்டு வாசலுக்கு வந்து, தேர் கிளம்பும் முன்பே உன் கண்ணில் பட வேண்டும் என்றுதான் புறப்பட்டேன். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தபோது மேளம் இந்தத் தெருவிலேயே கேட்டது. கூரைகளுக்கு மேல் தேரின் உச்சி ஆடி ஆடி வந்தது.

கூட்டத்துக்குள் நுழைந்தேன். யாரோ முழங்கையைப் பிடித்தார்கள். தோமே அக்கா.

"நீ உசுய் வீட்டு மிசாவோதானே? தேர் பாக்க வந்தியா?"

"ஆமாக்கா."

"அப்பாவ யாரு பாத்துக்கறா?"

அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "உள்ள வா. தட்டிக்குப் பின்னால ரெண்டு பேர் நிக்க இடம் இருக்கு" என்றாள்.

போனேன். ஒரு நிமிடம் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு வெளியே வரலாம் என்றுதான் போனேன். இதை நீ நம்ப வேண்டும்.

மூலைக்குச் சற்று முன்னால் தேரை நிறுத்தி, எல்லோரும் சோற்று உருண்டையும் பார்லித் தேநீரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். நீ உட்காரவில்லை. மூங்கில் இடுக்கு வழியாக உன்னைப் பார்த்தேன். சொன்னபடியே தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாய், ஒவ்வொரு முகமாக. தட்டியின் மீதும் உன் பார்வை ஒருமுறை போய்வந்தது. கொந்தா வாயில் சோற்றோடு கத்தினான்.

"என்னப்பா, பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி கூட்டத்தையே மேயற?"

"தங்கச்சி வந்தாலும் வருவா."

"வந்தா நல்லதுதானே! ஒரு வாய் குடிச்சிட்டுப் போகட்டும்."

"வர மாட்டா" என்றாய். "வராம இருந்தா நல்லது."

கொந்தாவுக்குப் புரியவில்லை. வாழ்த்துவதைப்போல அதை நீ சொன்னாய்.

வெளியே வருவதற்கு அதுதான் சரியான நேரம். தேர் நின்றிருந்தது, யாருடைய கையும் சக்கரத்துக்குக் கீழே இல்லை. தட்டியின் ஓரத்தைப் பிடித்துவிட்டேன். சக்கரத்துக்கு யார் செத்தார் என்று தெரியாது என்றுதான் நான் இத்தனை வருடம் நினைத்திருந்தேன். நான் படித்த படிப்பு அப்படி. ஆனால் அந்த நேரத்தில் எனக்குப் பயமாக இருந்தது. வெளியே வந்தால் உன் வருடம் போய்விடும் என்று பயம். வராவிட்டால் ஒருவனின் கை போய்விடும் என்று பயம். இரண்டும் ஒரே எடை.

அப்போதுதான் ஷிங்கிச்சி நிழலுக்காகத் தட்டியருகே வந்து குந்தினான். துணியால் கையைத் துடைத்துக்கொண்டு, தற்செயலாகத் தலையைத் திருப்பினான். ஒரு முழம்கூட இடைவெளி இல்லை. இடுக்கு வழியாக என் கண்ணைப் பார்த்தான். காது அப்படியேதான் இருக்கிறது.

உடனே முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டான். உதடு அசையாமல் கேட்டான்.

"பெரியவரா?"

"ம்."

"எப்போ?"

"விடியக்காலைல."

அவன் துடைத்த கையையே மறுபடி துடைத்தான்.

"ஷூஜிக்குச் சொல்லத்தான் வந்தேன்" என்றேன். "உங்களுக்கு அவன் வாக்குக் குடுத்திருக்கான்."

"குடுத்தான். அவனுக்குத் தெரிஞ்சா சொல்லுவான். இன்னும் தெரியாது." துணியை இடுப்பில் செருகினான். "எனக்குத் தெரிஞ்சிடுச்சு. வாக்கு அதுக்குத்தான். தீந்துபோச்சு."

"உங்க கை..."

"என் கையப் பத்தி நான்தான் முடிவு பண்ணணும்." எழுந்து நின்றான். "கிஹேய் ஐயா தேர் ஒருதடவை ஓடல. போதும். தட்டிய விட்டு வெளிய வராதீங்க. மூலைல அவன் கண்ணு சக்கரத்துல இருக்கணும்."

மசகு பூசிய கட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு போனான். போகும்போது கொந்தா, "என்ன, தட்டிகிட்ட ரகசியம்?" என்றான். "தோமே அக்காகிட்ட முடி வெட்டக் கடன் கேட்டேன்" என்றான் ஷிங்கிச்சி. எல்லோரும் சிரித்தார்கள்.

பிறகு நீ விசிறியைத் தூக்கினாய். தோமே அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். வடம் இறுகியது. தேர் முனகியது. நான் உன்னைப் பார்க்கவில்லை, அண்ணா. அந்த இரண்டு கைகளை மட்டுமே பார்த்தேன். கட்டை உள்ளே போனது, சக்கரம் அதன்மேல் ஏறித் தயங்கி நின்றது, கைகள் அங்கேயே இருந்தன. ஒரு கணம் அவை மறைந்துவிட்டன. நான் கத்தியிருப்பேன், தோமே அக்கா என் வாயைப் பொத்தினாள். தேர் மொத்தமும் சாய்ந்து, கிறீச்சிட்டு, திரும்பியது. கூட்டம் ஆர்ப்பரித்தது. ஷிங்கிச்சி பின்னால் நகர்ந்து எழுந்து இரண்டு கைகளையும் உயரத் தூக்கி உதறினான். எல்லோரும் அது வெற்றிக்காக என்று நினைத்தார்கள். அவன் அதைத் தட்டியைப் பார்த்துக் காட்டினான்.

நீ சக்கரத்தை மட்டும்தான் பார்த்தாய். அப்பா சொன்னபடி.

தேர் இப்போது கருமார் தெருவைப் பார்த்துப் போய்க்கொண்டிருக்கிறது. நேர் பாதை, இனிமேல் மூலை இல்லை. மேளம் கேட்கிறது. இப்போதும் நான் ஓடிப்போய் உன் முன்னால் நிற்கலாம். நீ கேட்டது அதைத்தான், நான் சம்மதித்ததும் அதைத்தான். உன் சுத்தத்துக்காக நீ பொய் கேட்கிறாய் என்று உன்மேல் சீறினேன். இன்று நீ உண்மை கேட்கிறாய், பொய்யின் பக்கத்தில் நான் நிற்கிறேன். யாரும் என்னை இங்கே கட்டிப்போடவில்லை.

தோமே அக்கா உள்ளே அரிசி களைகிறாள். அப்பா போனது அவளுக்குத் தெரியும். நான் என்ன செய்யப்போகிறேன் என்பது தெரியாது. ஷிங்கிச்சிக்கும் தெரியாது.

கொட்டகைக் கதவு மூடியதும் எழுந்து வருவேன். அப்பா விடியற்காலையில் போனார் என்று சொல்வேன். நேரத்தை மாற்ற மாட்டேன், அப்பாவின் கடைசி மூச்சை நகர்த்திவைக்க எனக்கு உரிமை இல்லை. நடுப்பகலிலேயே வந்து, உன்னைப் பார்த்து, வேண்டுமென்றே ஒளிந்துகொண்டேன் என்றும் சொல்வேன். ஷிங்கிச்சிக்குத் தெரியும் என்பதை மட்டும் சொல்ல மாட்டேன். தெரிந்தால் பாதிக் கோபம் அவன்மேல் போகும். வருடா வருடம் நீங்கள் இருவரும் அந்தச் சக்கரத்தருகே நிற்க வேண்டியவர்கள். எனக்கு இந்த ஊரில் நிற்க வேண்டிய இடம் எதுவும் இல்லை. நீ என்னோடு பேசாமல் போகலாம். போனால் போகட்டும். கோபம் முழுசாக என்மேலேயே இருக்கட்டும்.

அதனால் இந்தக் கடிதம் உன்னிடம் வராது. அரிசி களைந்த கையோடு அக்கா அடுப்பைப் பற்றவைக்கிறாள். அதில் போட்டுவிடுவேன்.

மேளம் இன்னும் நிற்கவில்லை.

மிசாவோ